கவிழ்த்துப் பார்க்கிறவர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அப்பாவின் அடர்நீலக் காரில் இடது முன்சக்கரம் கழன்றுவிட்டது. நிஜக் கார் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் பழைய உலோக மாதிரி.
2. சரிசெய்து தருகிறேன் என்று அங்கிள் அதைத் தம் வீட்டுக்கு எடுத்துப் போனார்.
3. பதினாறு நாள் கழித்துச் சக்கரத்தைப் பூட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.
4. நான் அளந்தேன். என் பட்டியலில் இருந்ததைவிட நீளம் 0.9 மில்லிமீட்டர் குறைவு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவிலான தூரம் 0.5 குறைவு.
5. அடுத்த ஞாயிறு, ஃபேரர் பார்க் சாப்பாட்டுக் கடையில், எல்லோர் முன்னாலும், அவர் காரை மாற்றிவிட்டார் என்று சொன்னேன்.
6. அவர் விளக்கம் சொல்லவில்லை.
7. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வரவில்லை.

இந்த ஏழு வரிகளில் பொய் ஒன்றும் இல்லை. வேலையிடத்தில் இப்படி ஓர் அறிக்கை கொடுத்தால் மேலாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் இதைப் படித்து அவர் எப்படிப்பட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. நான் சொன்னேன். அதனால்தான் மீதியையும் எழுத வேண்டியிருக்கிறது.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அங்கிள் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. மெலிந்த உடம்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் பேனா இருக்காது. பல் மருத்துவர்கள் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, காம்பு வைத்த சின்னக் கண்ணாடி, அது இருக்கும். பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு டார்ச். கையில் எது கிடைத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார்.

நான் முதல் தடவை அந்த மேசைக்குப் போன அன்றே அதைப் பார்த்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அவரைத் தனியாக அனுப்ப அம்மாவுக்குப் பயம். சாங்கியில் விமான உதிரிபாகங்களைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. பாகங்களை அளந்து, தேறுமா தேறாதா என்று எழுதிக் கொடுப்பேன். ஞாயிறு விடுமுறை. அதனால் அப்பாவைக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையதானது.

கடையின் மூலையில் ஒரு வட்ட மேசை. அங்கே வாராவாரம் நான்கு பேர் கூடுவார்கள். அப்பா. டாக்சி ஓட்டும் மணியம் மாமா. கணினி பழுதுபார்க்கும் ஃபைசல் அண்ணன். அங்கிள். நால்வரும் சேர்ப்பது ஒன்றே ஒன்றுதான்: ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை வந்த இத்தாலியக் கூபேக்களின் மாதிரிகள். இரண்டு கதவு, தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு. நிஜக் காரை நாற்பத்து மூன்றால் வகுத்தால் வரும் அளவு. ஏன் இத்தாலியக் கார் மட்டும் என்று கேட்டதற்கு மணியம் மாமா சொன்னார்: "நாள் முழுக்க ஓட்டுறது டாக்சி. ஞாயித்துக்கிழமையாவது நல்ல காரைப் பாக்கணும் லா."

நான் உட்கார்ந்ததும் என் கைப்பேசியை மேசைமேல் வைத்தேன். அங்கிள் கேட்காமல் எடுத்தார். திரையைப் பார்க்கவில்லை. திருப்பினார்.

"மூணு தடவ கீழ விழுந்திருக்கு."

"ரெண்டு தடவதான் அங்கிள்."

"மூணு. இந்த மூலையில விழுந்தத நீ பாக்கல. பையோட விழுந்திருக்கும்."

மணியம் மாமா சிரித்தார். "தப்பிச்சுக்கோ மா. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா உன் செருப்பக் கழட்டச் சொல்லுவாரு."

ஓய்வு பெறும்வரை அங்கிளுக்குக் கப்பல் சரக்கில் சேதம் பார்க்கும் வேலை. பெட்டி நனைந்ததா, உடைந்ததா, யார் கையில் உடைந்தது என்று அறிக்கை எழுத வேண்டும். அந்த வேலை அவருக்குக் கொடுத்த வாசகம் ஒன்று உண்டு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது அதைச் சொல்லிவிடுவார்: "தண்ணி மேல இருந்து வராது மா. அடியில இருந்துதான் வரும். மேல பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதுறவன் வேலைக்கு ஆகமாட்டான்."

மணியம் மாமாவின் மகள் கல்யாணத்தில், தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்த எவர்சில்வர் கிண்ணத்தை வாசலிலேயே வெளியே எடுத்துக் கவிழ்த்தார். பின்னால் வரிசை நின்றுவிட்டது. மணியம் மாமா பட்டு வேட்டியோடு ஓடிவந்தார்.

"அண்ணே, அப்படியே மாப்பிள்ளையையும் ஒரு தடவ கவுத்துப் பாத்துடுங்க."

"அத நீ பாத்திருக்கணும் லா. இப்ப லேட்டு."

மணியம் மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. மாமாவின் மனைவிக்கு வரவில்லை.

எல்லாமே சிரித்துவிட்டுப் போகும் அளவில் இல்லை. ஃபைசல் அண்ணன் ஒரு நாள் சிவப்புக் கூபே ஒன்றைக் கொண்டுவந்தார். பல மாதம் தேடி வாங்கியது. பெட்டியைத் திறப்பதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டார். அங்கிள் தம் வெள்ளைத் துண்டை மேசையில் விரித்தார். "அடி காட்டு" என்றார். யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் சொல்வது அதுதான். காரைக் கவிழ்த்து, டார்ச் அடித்து, காம்புக் கண்ணாடியை அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ரிவெட் புதுசு. மேல் பாடி வேற, அடித்தட்டு வேற. ரெண்டு செத்த கார ஒண்ணாச் சேத்திருக்கான்."

"நல்லாப் பாருங்க அங்கிள்."

"நல்லாத்தான் பாத்தேன்."

அவர் சொன்னது சரி. ஆனால் அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஃபைசல் அண்ணன் மூன்று வாரம் வரவில்லை. வந்தபோதும் அங்கிளுக்கு எதிரே உட்காரவில்லை.

இன்னொன்றும் எல்லோர் மனதிலும் இருந்தது. அவர் தம் நல்ல கார்களை ஒருநாளும் மேசைக்குக் கொண்டுவந்ததில்லை. கொண்டுவருவதெல்லாம் பெயிண்ட் போனது, கண்ணாடி உடைந்தது. புக்கிட் மேராவில் அவர் வீட்டுக்குள் எங்களில் யாரும் போனதில்லை. அப்பாவைக்கூட அவர் வாசல் கிரில் தாண்டி விட்டதில்லை. அடுத்தவர் பொருளின் அடிவரை பார்க்கிற ஆள், தம் பொருளின் மேல்பக்கத்தைக்கூடக் காட்டுவதில்லை. ரிப்பேருக்கு வாங்கிப்போகும் கார்களிலிருந்து எதையாவது மாற்றிக்கொள்கிறாரோ என்று ஃபைசல் அண்ணன் ஒருமுறை கேட்டார். யாரும் அதை மறந்துவிடவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் அவர் அப்பாவுக்குச் செய்ததையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு வெளிச்சம் மட்டும் தெரியும் என்ற நிலை வந்தபோது, மற்ற இருவரும் காரை அவர் முகத்துக்கு நேரே பிடித்து நிறத்தைச் சொல்வார்கள். அப்பா தலையாட்டுவார். அங்கிள் அப்படிச் செய்யவில்லை. அப்பாவின் கையை எடுத்து விரித்து, காரை அதில் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, உனக்கு இனிமே கலர் கெடையாது. அத விடு. இது சைலன்ஸர் குழா. இது அச்சு. இங்க எழுத்து இருக்கு பாரு, தடவு. எங்க செஞ்சதுன்னு போட்டிருக்கு."

அப்பா வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வரும் வழியில் ரயிலில் அவர் பேசியதெல்லாம் சைலன்ஸர் குழாய் பற்றித்தான்.

அந்த வாரம்தான் நான் பட்டியல் போடத் தொடங்கினேன். அப்பாவிடம் முப்பத்தொரு கார்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண். நிறம், நீளம், அகலம், சக்கர இடைவெளி, கதவு திறக்குமா, என்ன குறை, மூன்று கோணங்களில் படம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் கேலிப்பரால் அளந்தேன். வரிசை எண் பதினான்கு: அடர்நீலக் கூபே. நீளம் 98.1. இடது முன் மட்கார்டில் விளக்குக்கு மேலே சின்னப் பள்ளம். குறை ஏற்பட்ட விதம்: ஐந்து வயதில் நான் கீழே போட்டது.

அப்பா முதல் சம்பளம் வாங்கிய வாரம் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் எடுத்த கார் அது. மற்ற முப்பதும் சேர்ந்தாலும் அவருக்கு அது ஒன்றுக்கு ஈடாகாது. பார்வை போன பிறகு தொலைக்காட்சியில் செய்தி ஓடும்போது அதைக் கையில் வைத்துக்கொள்வார். கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பள்ளத்தில் உட்காரும்.

பட்டியலை எல்லோருக்கும் அனுப்பினேன். மணியம் மாமா பாராட்டினார். அங்கிள் என் கணினியை வாங்கி, முப்பத்தொரு வரிசையையும் மேலிருந்து கீழே பார்த்தார்.

"அடி எங்க?"

"என்ன அங்கிள்?"

"மூணு போட்டோ இருக்கு. முன்னாடி, சைடு, மேல. அடி எங்க?"

"அடி எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதானே இருக்கும்."

அவர் பையிலிருந்து பழைய ஃபிலிம் சுருள் டப்பா ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து, என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். சாம்பல் நிறத் துகள். நடுவில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டிய சில்லுகள்.

"இதுவும் கார்தான். பழைய துத்தநாகக் கலவையில அழுக்கு சேந்திருந்தா உள்ளயே புத்து வெக்கும். மேல பெயிண்ட் பளபளன்னு இருக்கும். ஒரு நாள் தொட்டா இப்படி. மொதல்ல அடியிலதான் கீறு விடும், இஞ்சினியரம்மா."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மாத உழைப்பைப் பார்த்துவிட்டு இவ்வளவுதான் சொல்கிறார். பட்டியலில் அடிக்கு ஒரு பத்தி சேர்க்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துத்தான் சக்கரம் கழன்றது. அப்பா வேறு யாரிடமும் கொடுக்க மறுத்தார். கார் திரும்பி வந்த அன்று, வழக்கம்போல் பதிவு செய்வதற்காக அளந்தேன். 97.2. கேலிப்பரைத் துடைத்து மறுபடி அளந்தேன். மறுநாள் வேலையிடத்துக் கருவியில் அளந்தேன். அதே எண்.

அசலை வைத்து அச்செடுத்து அதில் உலோகத்தை ஊற்றினால், ஆறும்போது உலோகம் சுருங்கும். நகல் எப்போதும் அசலைவிடக் கொஞ்சம் சின்னதாக வரும். இது எனக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தது. நீளத்தில் ஒரு சதவீதம் குறைவு, சக்கர இடைவெளியிலும் ஒரு சதவீதம் குறைவு. தப்பவே வழியில்லாத கணக்கு.

ஞாயிறு காலை பத்தரை மணி. அப்பா காரைக் கையில் வைத்துக்கொண்டு மணியம் மாமாவிடம் சக்கரம் எவ்வளவு நேர்த்தியாகப் பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கிள் பால் ஊற்றாத தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இது அப்பாவோட கார் இல்ல."

அப்பா பேச்சை நிறுத்தினார். "என்னம்மா சொல்ற?"

"நைன்ட்டி எய்ட் பாயின்ட் ஒன் இருக்கணும்பா. நைன்ட்டி செவன் பாயின்ட் டூதான் இருக்கு. இது அசலப் பாத்து ஊத்துன காப்பி. அசல் அங்கிள் வீட்டுல இருக்கு."

நான் குரலை உயர்த்தவில்லை. வேலையிடத்தில் ஒரு பாகம் தேறவில்லை என்று சொல்கிற அதே குரல்தான்.

ஃபைசல் அண்ணன் கையை நீட்டினார். "அடி காட்டு" என்றார். அந்த இரண்டு சொற்களைச் சொல்ல அவர் வெகுநாளாகக் காத்திருந்தது போலிருந்தது.

அப்பா கையிலிருந்து காரை வாங்கிக் கவிழ்த்தேன். பின் அச்சுக்குப் பக்கத்தில் அரிசி அளவுக்குப் புதிதாகச் சுரண்டிய தடம். உலோகம் பளபளத்தது.

"காப்பின்னு அங்கதான் போட்டிருப்பான். சொரண்டியாச்சு" என்றார் ஃபைசல் அண்ணன்.

"கொடும்மா இங்க" என்று அப்பா காரைத் திரும்ப வாங்கினார். கட்டைவிரல் பள்ளத்துக்குப் போனது. "இந்தப் பள்ளம் என் பொண்ணு போட்டது. இது என் கார்தான். அண்ணன் மேல இப்படியெல்லாம் பேசாத."

"பள்ளம் யாரு வேணும்னாலும் போடலாம் பிரதர்" என்றார் மணியம் மாமா, மெதுவாக.

எல்லோரும் அங்கிளைப் பார்த்தோம். அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி சொல்றதுதான் சரி" என்றார்.

"அப்ப நீளம் ஏன் கொறஞ்சிருக்கு?"

"நல்லா அளந்திருக்க மா."

அவ்வளவுதான். தேநீரைக் குடித்து முடித்தார். வெள்ளைத் துண்டை நாலாக மடித்துப் பையில் வைத்தார். எழுந்து போனார். குற்றம் செய்யாதவர் இப்படிப் போகமாட்டார் என்று நான் நினைத்தேன். மேசையில் இருந்த எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள், அப்பாவைத் தவிர.

அடுத்த நான்கு மாதம் அப்பா என்னிடம் கார் பற்றிப் பேசவில்லை. கூட்டத்துக்கு வந்தார், போனார். நான் பட்டியலைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது, வரிசை எண் ஒன்பது, சாம்பல் நிறக் கூபே, அதன் கதவு மூடவில்லை. முன்பு மூடும் என்று பட்டியலில் எழுதியிருக்கிறேன். வளைந்ததோ என்று அளந்தேன். கதவு வளையவில்லை. கார் நீண்டிருந்தது. என் பழைய எண்ணைவிட 0.4 மில்லிமீட்டர் கூடுதல்.

உலோகம் வளராது. கேலிப்பரைச் சோதித்தேன், சரியாக இருந்தது. பிறகுதான் காரைக் கவிழ்த்தேன். அடித்தட்டில், அச்சிலிருந்து தொடங்கி, மயிரிழை போல மூன்று கீறல்கள்.

உள்ளே புற்று வைத்த உலோகம் ஊதும். ஊதி, வெடித்து, பிறகுதான் உதிரும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்குக் கால் மணி நேரம்தான் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தை நான்கு மாதத்துக்கு முன் செலவழித்திருக்க வேண்டும். நான் அளந்த இரண்டு எண்களும் சரி. 97.2 நகலின் அளவு இல்லை, ஊதாத அசலின் அளவு. இரண்டு வருடத்துக்கு முன் நான் அளந்த 98.1தான் நோய் முற்றிய காரின் அளவு.

அப்படியானால் அப்பாவின் கையில் இருப்பது யாருடைய கார்?

சனிக்கிழமை மதியம் புக்கிட் மேராவுக்குப் போனேன். அப்பாவிடம் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லி நீலக் காரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். வழியில் ஒரு டப்பா முறுக்கு வாங்கினேன். அங்கிள் கிரிலுக்கு உள்ளே நின்று என்னைப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, திறந்தார்.

முறுக்கு டப்பாவை நீட்டினேன். வாங்கினார். கவிழ்த்துப் பார்த்தார்.

"தேதி பாக்குறேன்" என்றார்.

கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். வீட்டை விற்றுவிட்டாராம், ஈப்போவில் அக்கா தனியாக இருக்கிறார், அங்கே போகிறாராம். "கோப்பி போடறேன்" என்று சமையலறைக்குள் போய்விட்டார்.

சுவரோரம் ஒரு கண்ணாடி அலமாரி. இன்னும் காலி செய்யவில்லை. அவர் யாருக்கும் காட்டாத கார்கள் அதில்தான் இருந்தன. ஐம்பதுக்குக் குறையாது. ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் மேடைமேல். ஒன்றை எடுத்துக் கவிழ்த்தேன். பின் அச்சுக்குப் பக்கத்தில் அரிசி அளவுக்கு வெள்ளைப் பெயிண்ட் பொட்டு. இன்னொன்று. அதே இடம், அதே பொட்டு. தன் பொருள் என்பதற்கு அவர் வைத்த அடையாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கொண்டுவந்த உடைசல் கார்களில் அது இருந்ததில்லை.

நடுத்தட்டில், கண் உயரத்தில், ஒரு மேடை மட்டும் காலி. பழைய ரப்பர் டயர் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். காலி மேடையில் நான்கு குழிகள் இருந்தன. பையிலிருந்து நீலக் காரை எடுத்து வைத்தேன். நான்கு சக்கரமும் நான்கு குழியில் இறங்கி உட்கார்ந்தன. கேலிப்பர் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

அவர் இரண்டு குவளையோடு வந்து நின்றார். மேடையைப் பார்த்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"ஒம்பதாம் நம்பர் கார் வளந்திருச்சு அங்கிள்."

சிரித்தார். சத்தம் வரவில்லை.

உட்கார்ந்து சொன்னார். நான் பாதியில் பேசவில்லை.

"சக்கரம் மாட்டணும்னா அடி தெரியணும்ல. கவுத்தேன். கைக்குள்ளயே போயிருச்சு மா. பிஸ்கட் மாதிரி. கவுக்காம இருந்திருந்தா இன்னும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம் நின்னிருக்கும்."

"அதனால உங்க கார எடுத்தீங்க."

"அது மாதிரி இன்னொண்ணு எங்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. பள்ளம் கெடையாது. உன் லிஸ்ட்டுல போட்டோ இருந்துச்சே, அத வெச்சு அரம் போட்டுத் தேச்சேன். மூணு நாள் ஆச்சு. ரொம்ப ஆழமாப் போனா தம்பி வெரலுக்குத் தெரிஞ்சிரும்."

"பொட்ட சொரண்டுனதும் நீங்கதான்."

"என்னோடதுன்னு அதுல எதுக்கு?"

"அன்னிக்கு ஏன் சொல்லல அங்கிள்? எல்லாரும் உங்களத் திருடன்னு..."

"சொன்னா? தம்பிக்குக் கண்ணுதான் தெரியாது. காது கேக்கும்ல."

நான் சரி என்று கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. என் வேலையில் மிச்சம் இருக்கும் கேள்வியை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடமாட்டார்கள்.

"ஒடைஞ்ச அன்னிக்கே அப்பாக்கு ஃபோன் பண்ணியிருக்கலாமே. புத்து வெச்சிருந்துச்சுன்னு சொன்னா அவரு புரிஞ்சிக்கிட்டிருப்பாரே."

அவர் கோப்பியைக் கிளறினார்.

"நாப்பது வருஷம் மா. அடுத்தவன் சரக்கு யாரு கையில ஒடைஞ்சதுன்னு எழுதுனவன். என் கையில ஒடைஞ்சப்ப எழுத வரல."

கிளம்பும்போது ஒரு ஃபிலிம் டப்பாவை என்னிடம் கொடுத்தார். ஆட்டினால் மணல் போலச் சத்தம் கேட்டது. திறந்து பார்த்தேன். சாம்பல் துகள், அடர்நீலச் சில்லுகள். ஒரு சில்லில் பள்ளத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தது.

"தம்பிகிட்ட சொல்லாத" என்றார். கிரிலைப் பூட்டினார்.

அடுத்த ஞாயிறு அப்பாவுக்குச் சளி. நான் மட்டும் ஃபேரர் பார்க்குக்குப் போனேன். மணியம் மாமாவிடமும் ஃபைசல் அண்ணனிடமும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அப்பா காதில் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டு, டப்பாவைத் திறந்து காட்டினேன். அளவுகளை எழுதிக் காட்டினேன்.

ஃபைசல் அண்ணன் துகளை விரலால் கிண்டினார். "நீலக் காரு உலகத்துல ஒண்ணுதானா?"

"டயர் தடம் பொருந்துச்சு அண்ணே. நானே வெச்சுப் பாத்தேன்."

"போட்டோ எடுத்தியா?"

எடுக்கவில்லை.

மணியம் மாமா டப்பாவை மூடினார். "மா, நீ நல்ல பொண்ணு. தப்பாச் சொல்லிட்டோமேன்னு உனக்கு வருத்தம். ஆனா ஒண்ணு யோசி. கலெக்டர் எவனாவது பள்ளம் இல்லாத கார எடுத்து அதுல அரம் போடுவானா? செய்ய மாட்டான் லா."

இதுதான் சந்தேகத்தின் வேலை. நான் அந்த மேசையில் வைத்தபோது அதற்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஆதாரம் போதுமாக இருந்தது. திரும்ப எடுக்க ஒரு டப்பா நிறைய ஆதாரம் போதவில்லை.

என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் அப்பாவுக்காக அதைச் செய்தாரா, உடைத்தது தன் கை என்று தெரியக்கூடாது என்று செய்தாரா என்று இன்றைக்கும் சில நாள் ரயிலில் யோசிக்கிறேன். சில நாள் முதலாவது என்று தோன்றும். சில நாள் இரண்டாவது. இரண்டும்தான் என்று எழுதிவிடலாம்; எழுத வரவில்லை.

இப்போதைய நிலை இது. அவர் ஈப்போவில் இருக்கிறார். மன்னிப்புக் கேட்டு நான் அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் இரண்டு நீலக் குறிகள் விழுந்து ஏழு வாரம் ஆகிறது, பதில் இல்லை. துகள் டப்பா சாங்கியில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பட்டியலில் அடி என்று ஒரு பத்தி சேர்த்து முப்பது கார்களுக்குப் படம் எடுத்துவிட்டேன். பதினான்காம் வரிசையில் அந்தக் கட்டம் காலி. அப்பாவுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. போன வாரம் அவர் காரைக் கையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "அடியில என்னமோ சொரண்டியிருக்கு மா" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "பின்னாடி வீல் வேற ஆடுது. அண்ணன் வந்து பாக்கட்டும், வேற யாருகிட்டயும் குடுக்காத" என்றார். கார் அவரிடம்தான் இருக்கிறது. சக்கரம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.